நெருப்பு நரியும் காணாமப் போன பொத்தானும்

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபிஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். ஆனா 2025 ஆகஸ்ட்ல நடந்த ஒரு சமாச்சாரம் மனசுல வந்து உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. இறக்கி வச்சாத்தான் அடுத்த வேலை ஓடும் போல. பொட்டி தட்டுறவனோட புலம்பல்தான். நடுவுல ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிருங்க.

விஷயம் நெருப்பு நரி. அதாங்க, பயர்பாக்ஸ். (அது நரியே இல்லை, சிவப்பு பாண்டாவோட இன்னொரு பேருன்னு சொல்ல வர்றவங்க மன்னிக்கணும். நமக்கு நரிதான்.)

கரண்டு போனாலும் போகாத உலாவி

2008. நான் புதுக்கோட்டையில ஆறாங்கிளாஸ். பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்துக்குள்ள பிரவுசிங் சென்டர் வச்சிருந்தாரு. ஆறு கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு, மணிக்கு இருபது ரூபா. சனிக்கிழமையானா அங்க போய் எடுபிடி வேலை பார்ப்பேன். கூலி அரை மணி நேர இலவச இணையம்.

அந்தக் காலத்து மின்வெட்டு உங்களுக்கே தெரியும். யூபிஎஸ் பத்து நிமிசம் கத்தும், அப்புறம் அதுவும் கண்ணை மூடிரும். உள்ள ஒருத்தர் வேலைக்கு விண்ணப்பம் அடிச்சுக்கிட்டு இருப்பாரு, நாலு பக்க ஃபாரம், மூணாவது பக்கத்துல பொசுக்குன்னு இருட்டு. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல உக்காந்திருந்தா அம்புட்டுதான், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். காசும் கொடுக்க மாட்டாங்க, திட்டும் கொடுப்பாங்க. நெருப்பு நரி 2006லயே, அதோட ரெண்டாவது பதிப்புல, இதுக்கு ஒரு வழி வச்சிருந்துச்சு. கரண்டு வந்து திறந்தா, "பழைய பக்கங்களையெல்லாம் திரும்பக் கொண்டு வரட்டுமா"ன்னு கேட்கும். சரின்னா விட்ட டேப் எல்லாம் வரும். பல நேரம் அடிச்சு வச்ச எழுத்தும் வரும். அண்ணன் ஆறு கம்ப்யூட்டர்லயும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் படத்தை ஒளிச்சு வச்சுட்டு நரியை மட்டும் வெளியில விட்டதுக்குக் காரணம் கொள்கை கிடையாது, யாவாரம்.

2008 ஜூன் 17ஆம் தேதி மூணாவது பதிப்பு வந்துச்சு. ஒரே நாள்ல அதிகம் பேர் பதிவிறக்கிய மென்பொருள்னு கின்னஸ் சாதனை: 24 மணி நேரத்துல 80,02,530 பதிவிறக்கம். இறக்கினவங்களுக்கு ஒரு சான்றிதழும் உண்டு, நம்ம பேரை அடிச்சு பிரிண்ட் எடுத்துக்கலாம். அண்ணன் எடுத்து, லேமினேஷன் போட்டு, கல்லாப்பெட்டிக்கு மேல பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல ஒட்டினாரு. எண்பது லட்சத்துல ஒண்ணு நம்ம புதுக்கோட்டை சந்துலேர்ந்து போயிருக்குன்னு எனக்கு அப்ப அம்புட்டு பெருமை.

அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல கொடுத்த அரசு மடிக்கணினியிலயும் நரி, இன்ஜினியரிங் ஹாஸ்டல்லயும் நரி. எச்டிஎம்எல் கத்துக்கிட்டதே அதுல ஒரு பக்கத்தைத் திறந்து "மூலத்தைக் காட்டு"ன்னு சொல்லி, அடுத்தவன் எழுதுனதைப் பார்த்துத்தான். இன்னிக்கு நான் வாங்குற சம்பளத்துல அந்த ஆறு கம்ப்யூட்டருக்கும் பங்கு இருக்கு.

பொத்தானே இல்லையேடா தம்பி

இப்ப 2025 ஆகஸ்டுக்கு வருவோம். பிரவுசிங் சென்டர் காலம் போயி வருசமாச்சு. அண்ணன் அதே சந்துல ஜெராக்ஸ், பான் கார்டு, ரயில் டிக்கெட்டு, ஆன்லைன் விண்ணப்பம்னு ஓட்டிக்கிட்டு இருக்காரு. ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணினாரு.

"தம்பி, ஒரு ஸ்காலர்ஷிப் ஃபாரம் போட்டுக்கிட்டு இருக்கேன். எல்லாம் அடிச்சாச்சு, உறுதிமொழியில டிக்கும் அடிச்சாச்சு. அனுப்புறதுக்குப் பொத்தானே இல்லையேடா."

"ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கண்ணே."

"மூணு தடவை பண்ணிட்டேன். மகளுக்காக ஒரு அம்மா வந்திருக்காங்கடா. ஆவுடையார்கோயில் பக்கம் கிராமம், அறந்தாங்கி வந்து பஸ் மாறி வந்திருக்காங்க. இன்னிக்குத்தான் கடைசி நாளு."

"எதுல திறந்திருக்கீங்க? பயர்பாக்ஸா? குரோம்ல போடுங்கண்ணே, போயிரும்."

சொல்லி முடிச்சதுக்கப்புறம்தான் அது எந்தத் தளம்னு கேட்டேன். பேரைச் சொன்னாரு. வயித்துக்குள்ள ஒரு கல்லு விழுந்துச்சு. அந்த ஃபாரத்தைக் கட்டினது எங்க டீம். அந்தப் பக்கத்தை எழுதினது அடியேன். (கம்பெனி பேரும் அறக்கட்டளை பேரும் வேணாம், எனக்குச் சோறு முக்கியம்.)

இப்ப அந்தப் பல்லைக் கடிக்கிற பகுதி. "உறுதிமொழியில டிக் அடிச்சாத்தான் 'சமர்ப்பி' பொத்தான் தெரியணும்" என்பது கேட்கப்பட்ட வேலை. சாதாரணமா இதுக்கு நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவாங்க. நான் அதிமேதாவி, சிஎஸ்எஸ்ல மட்டுமே முடிச்சேன். 'ஹேஸ்'னு ஒரு செலக்டர் இருக்கு. "உள்ள டிக் அடிச்ச கட்டம் இருக்குற ஃபாரத்துல மட்டும் பொத்தானைக் காட்டு"ன்னு ஒரே வரியில சொல்லலாம். இருபது வருசமா வலை நிரலர்கள் தவம் கிடந்து வாங்கின வரம் அது. டீம் மீட்டிங்ல காட்டி கைத்தட்டெல்லாம் வாங்கினேன்.

அந்த வரம் சஃபாரியில 2022 மார்ச்ல வந்துச்சு, குரோம்ல 2022 ஆகஸ்ட்ல. நம்ம நரி 121ஆவது பதிப்புல 2023 டிசம்பர்லதான் கொடுத்துச்சு. குரோமை விட பதினாறு மாசம் லேட்டு. அண்ணன் கடையில இருக்குற ஒரு பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 7. அதை மாத்தினா ஸ்கேனர் வேலை செய்யாது, அதனால மாத்தலை. அதுல ஓடினது நரியோட 115ஆவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2023 ஜூலையில வந்தது. அதுக்கு 'ஹேஸ்'னா என்னன்னே தெரியாது. தெரியாத வரியை சிஎஸ்எஸ் சத்தமே இல்லாமத் தாண்டிப் போயிரும். பிழைச் செய்தி கூட வராது. பொத்தானை ஒளிக்கிற வரி புரிஞ்சுச்சு, காட்டுற வரி புரியலை. அம்புட்டுதான் கதை.

அந்த அம்மாவைக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அனுப்பி வச்சுட்டு, எடுத்து வச்ச ஜெராக்ஸை வச்சு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அண்ணன் தன்னோட மொபைல்லேர்ந்து மறுபடி முழுசா அடிச்சு அனுப்பினாரு. நல்லவேளை, போயிருச்சு. போகாம இருந்திருந்தா? அந்தப் பொண்ணு கேட்டா நான் என்ன சொல்வேன்? "பாப்பா, உலாவிப் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தின்படி..."ன்னு ஆரம்பிப்பேனா?

முதல்ல நரியைத் திட்டி முடிச்சுக்கிறேன்

கோவம் முழுக்க முதல்ல நரி மேலதான் வந்துச்சு. ராத்திரி முழுக்க மனசுக்குள்ள திட்டினேன். நியாயமான திட்டுதான், நீங்களே பாருங்க.

ஒண்ணு: எல்லாத்துலயும் லேட்டு. 'ஹேஸ்' மட்டும் இல்லை. பின்னணியை மங்கலாக் காட்டுற 'பேக்டிராப் ஃபில்டர்' குரோம்ல 2019, நரியில 2022. மாசத்தைத் தேர்ந்தெடுக்குற உள்ளீட்டுக் கட்டம் குரோம்ல எத்தனையோ வருசமா இருக்கு. மேசைக் கணினி நரியில 2025லயும் அது வெறும் எழுத்துக் கட்டமாத்தான் தெரிஞ்சுச்சு. (மேக்கில் இருக்குற சஃபாரியும் இதுல யோக்கியம் இல்லை.)

ரெண்டு: நீட்சிகள். நரியை நரியா ஆக்கினதே அதுங்கதான். தனித்தனி எழுத்துருவுல பூட்டிக் கிடந்த இந்திய மொழித் தளங்களை யுனிகோடுக்கு மாத்திக் காட்டின 'பத்மா', உலாவிக்குள்ளயே தமிழ் தட்டச்சு செய்ய 'தமிழ்விசை'... சொந்தக் காசு போட்டு, தூக்கத்தை விட்டு ஆளுங்க எழுதினது. 2017 நவம்பர்ல 57ஆவது பதிப்பு வந்தப்ப பழைய வகை நீட்சிகள் மொத்தத்துக்கும் கதவை மூடிட்டாங்க. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் அது தேவைதான், ஒரு நிரலரா ஒத்துக்கிறேன். ஆனா புதுசா திருப்பி எழுத ஆளில்லாத நீட்சியெல்லாம் அப்படியே செத்துப் போச்சு. 2020ல ஆண்ட்ராய்டு நரியையும் புதுசாக் கட்டுறோம்னு சொல்லி, விரல் விட்டு எண்ணுற அளவு நீட்சிகளை மட்டும் விட்டாங்க. மறுபடி தாராளமாத் திறந்துவிட 2023 டிசம்பர் ஆச்சு.

மூணு: கையில இருக்குறதை விட்டுட்டுப் பறக்குறதைப் புடிக்கிறது. 2013ல நரியை வச்சு போனுக்கே ஒரு இயங்குதளம் கொண்டு வந்தாங்க. 2014ல இந்தியாவுல இன்டெக்ஸ் போன் 1,999 ரூபாய்க்கு வந்துச்சு. 2015 டிசம்பர்ல போன் வியாபாரம் வேணாம்னு கைவிட்டாங்க. அந்த நிரலை எடுத்து வளர்த்த கையோஎஸ்தான் 2017ல ஜியோ போன்ல வந்துச்சு. நம்ம ஊரு டீக்கடை, வயக்காடு வரைக்கும் போயி சேர்ந்துச்சு. விதைச்சவன் ஒருத்தன், அறுத்தவன் வேற ஒருத்தன். 2017ல பாக்கெட்டுன்னு ஒரு சேவையை வாங்கினாங்க, 2025 ஜூலையில அதையும் மூடியாச்சு.

நாலு: 2020 ஆகஸ்ட்ல சுமார் 250 பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. புது தலைமுறை உலாவி எந்திரமான 'சர்வோ'வைக் கட்டின ஆளுங்களும் அதுல உண்டு. ஆனா தலைமை அதிகாரியோட சம்பளம் 2022ல 69 லட்சம் டாலர். எங்க ஊர்ல இதுக்கு ஒரு சொல்லு இருக்கு, இங்க எழுத முடியாது.

அஞ்சு: 2025 பிப்ரவரியில புதுசாப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டு வந்து, "உங்கள் தகவலை விற்கவே மாட்டோம்"ங்கிற பழைய வாக்குறுதி இருந்த வரியை எடுத்துட்டாங்க. சட்ட வார்த்தைதான் காரணம்னு விளக்கம் கொடுத்தாங்க. இருக்கலாம். ஆனா தனியுரிமையைச் சொல்லி ஓட்டு கேட்குற கட்சி, தேர்தல் அறிக்கையில அந்தப் பக்கத்தையே கிழிச்சா தொண்டன் என்ன நினைப்பான்?

இதெல்லாம் சேர்ந்துதான் 2009, 2010 வாக்குல மூணுல ஒரு பங்கு கிட்ட இருந்த நரி இன்னிக்கு நூத்துக்கு ரெண்டு மூணுன்னு தேய்ஞ்சு நிக்குது. குரோம் பக்கத்துல கூகுள்னு ஒரு யானை நிக்கிறதும் உண்மை. ஆனா பாதி வினை நரி தானே தேடிக்கிட்டது.

ஆனா பொத்தானை ஒளிச்சது யாரு?

திட்டி முடிச்சு, ஆத்திரம் அடங்கி, அந்த வேலைக்கான பழைய குறிப்பைத் தேடி எடுத்தேன். சோதனை செய்யுற பொண்ணு ஒரு வரி எழுதியிருந்துச்சு: "பயர்பாக்ஸ் பழைய பதிப்பிலும் பார்க்கலாமா?" கீழ என் பதில்: "பயன்பாடு 3 சதத்துக்கும் கீழ். தேவையில்லை. மூடவும்."

நான் எழுதினதுதான். காதலிச்சதா இவ்வளவு நேரம் கதை விட்ட அதே ஆளு.

அந்த 3 சதக் கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு? தளத்துல போட்டிருக்குற கணக்கெடுப்பு நிரல்லேர்ந்து. விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தா அந்த நிரல் ஓடவே ஓடாது. அண்ணன் மாதிரி ஆளுங்க அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க. சரி, கணக்கு சரின்னே வச்சுக்குவோம். ஒரு லட்சம் பேர் விண்ணப்பிச்சா மூவாயிரம் பேர். ஒரு கல்யாண மண்டபத்துல அடைக்க முடியாத கூட்டம். அவங்ககிட்ட போயி "பொத்தான் உங்களுக்குக் கிடையாது"ன்னு மைக்ல சொல்ல எனக்கு வாய் வருமா?

அதைவிடக் கேவலம், நான் அண்ணனுக்குச் சொன்ன யோசனை. "குரோம்ல போடுங்க." விண்டோஸ் 7க்குக் குரோம் 2023 தொடக்கத்துலயே கும்பிடு போட்டுருச்சு, 109தான் கடைசிப் பதிப்பு. அதாவது ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அடிக்க வேண்டிய ஃபாரத்தை, ரெண்டரை வருசமா பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத உலாவியில போடச் சொல்லியிருக்கேன். அதே பழைய கம்ப்யூட்டருக்கு அந்த ஆகஸ்ட் மாசமும் பாதுகாப்புத் திருத்தம் அனுப்பிக்கிட்டு இருந்தது, நான் ஆதரவு கிடையாதுன்னு சொன்ன அதே நரி. அண்ணன் குரோம்ல போடலை. "அது பழசுடா, அதுல பேங்கு சமாச்சாரம் அடிக்க மாட்டேன்"ன்னுட்டாரு. இன்ஜினியரிங் படிச்சவன் நான். பாதுகாப்பு தெரிஞ்சது அவருக்கு.

ஜஸ்டிஃபையை எடுத்தவங்க

இந்த இடத்துல பழைய பதிவர்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரும். நான் அப்ப சின்னப் பையன், அண்ணன் சொல்லித்தான் தெரியும். நரியோட மூணாவது பதிப்புக்கு முன்னாடி, பத்தியோட ரெண்டு ஓரமும் நேரா நிக்கிற மாதிரி ஜஸ்டிஃபை பண்ணியிருந்தா, தமிழ் எழுத்து உடைஞ்சு தெரியும். கொம்பு தனியா, கால் தனியா, நடுவுல எழுத்து அனாதையா நிக்கும். தப்பு நரி மேல. அப்பப் பெரும்பாலானவங்க இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்லதான் படிச்சாங்க, அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆனா யாராவது ஒருத்தர் பின்னூட்டத்துல வந்து "உங்க பதிவு நெருப்பு நரியில உடையுது, ஜஸ்டிஃபையை எடுத்துருங்க"ன்னு கேட்டா, பதிவர்கள் எடுத்தாங்க. வார்ப்புரு நிரலைத் தொடவே பயப்படுறவங்க, எச்டிஎம்எல் தெரியாத தமிழ் வாத்தியாருங்க, குடும்பத் தலைவிங்க, யார்கிட்டயாவது கேட்டு எடுத்தாங்க. ஒரு பைசா வருமானம் கிடையாது. படிக்க வந்த ஒருத்தர் திரும்பிப் போகக் கூடாதுங்கிற ஒரே காரணம்.

எதிர்ப்பக்கமும் அப்ப இருந்துச்சு. பல பெரிய தளங்கள் ஒவ்வொண்ணும் ஒரு எழுத்துரு வச்சுக்கிட்டு, அது தானா இறங்குறது மைக்ரோசாஃப்ட் உலாவியில மட்டும்தான்னு பூட்டி வச்சிருந்தாங்க. கீழ ஒரு வரி: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல பார்த்தா நல்லாத் தெரியும். அந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2001ல ஆறாவது பதிப்பு வந்ததுக்கப்புறம் ஏழாவதுக்கு 2006 வரைக்கும் தூங்குச்சு. போட்டிக்கு ஆள் இல்லாதவன் ஏன் எந்திரிக்கணும்? தட்டி எழுப்பினதுல பெரும்பங்கு நம்ம நரிக்கு. 2022 ஜூன்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரேயடியாத் தூங்கப் போயிருச்சு.

இன்னிக்கு அந்தக் "கீழ ஒரு வரி" திரும்ப வந்துருச்சு, பேரு மட்டும் குரோம். எட்ஜ், ஓபரா, பிரேவ்னு பல பேரு இருந்தாலும் உள்ள ஓடுற எந்திரம் கூகுளோட ஒரே எந்திரம்தான். ஆப்பிளோட எந்திரத்தைத் தள்ளிட்டுப் பார்த்தா, பெரிய அளவுல மிச்சம் இருக்குறது நரி ஒண்ணு. அதுவும் யாரு காசுல? 2025 மே மாசம் அமெரிக்க நீதிமன்றத்துல மொசில்லாவோட நிதி அதிகாரியே சொன்னாரு, நிறுவன வருமானத்துல சுமார் 90 சதம் நரியால வருது, அதுல 85 சதம் கூகுள் கொடுக்குறதுன்னு. எதிராளி போடுற சோத்துல உசுரு வாழுற போட்டியாளன். இதுல என்னை மாதிரி ஆளுங்க "3 சதம், மூடவும்"னு எழுதி எழுதியே அதை 2 ஆக்குறோம். 2 ஆனதும் அதையே காரணமாக் காட்டுறோம். தளம் வேலை செய்யலைன்னு உலாவியை மாத்துறவங்க தானா மாறுறது இல்லை, நாம தள்ளி விடுறோம்.

குரோமே நல்லாத்தானே இருக்குன்னு கேட்கலாம். நல்லாத்தான் இருக்கு. ஆனா 2024, 2025ல பழைய வகை நீட்சிகளை அது நிறுத்தினப்ப, யூபிளாக் ஆரிஜின்ங்கிற அருமையான விளம்பரத் தடுப்பான் அங்க ஓடாமப் போச்சு. நரியில ஓடுது. பொய்யான "இங்கே பதிவிறக்கவும்" விளம்பரம் நிறைஞ்ச தளங்கள்ல நாள் முழுக்க வேலை பார்க்குற அண்ணனுக்கு அதுதான் காவல் நாய். போக வேற ஒரு இடம் இருக்குங்கிறதுதான் விஷயம். அது எவ்வளவு நல்ல இடம்ங்கிறது ரெண்டாவது.

இப்ப என்ன செய்யுறேன்

மறுநாள் காலையில பொத்தானைச் சரி பண்ணினேன். 'ஹேஸ்' தெரிஞ்ச உலாவியில மட்டும் ஒளிக்கணும், தெரியாததுல பொத்தான் எப்பவும் தெரியட்டும்னு மூணு வரி. மூணே வரி. டிக் அடிக்காம அனுப்பினா சர்வர் எப்படியும் திருப்பி அனுப்பிரும். மேனேஜர்கிட்ட காரணத்தைச் சொன்னேன், ஒண்ணும் சொல்லலை. சோதனைப் பட்டியல்ல நரியோட நீண்டகால ஆதரவுப் பதிப்பைச் சேர்த்தாச்சு. அந்தப் பொண்ணுகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்.

நரியைத் திட்டுறதை நிறுத்தப் போறது இல்லை. உரிமை இருக்கு, திட்டுவேன். ஆனா சோதிக்காம விடுறதுக்கு எனக்கு உரிமை கிடையாது. ரெண்டும் வேற வேற.

உங்கள்ல யாராவது தளம் கட்டுற வேலையில இருந்தா, வேலையை மூடுறதுக்கு முன்னாடி நரியில ஒரு தடவை திறந்து கடைசிப் பொத்தான் வரைக்கும் போய்ப் பாருங்க. பத்து நிமிசம்தான் ஆகும். தளம் கட்டாதவங்க, ஏதாவது பக்கம் உடைஞ்சா சத்தம் போடாம குரோமுக்குப் போயிராதீங்க. அந்தத் தளத்துக்காரங்களுக்கு ஒரு வரி எழுதுங்க. ஜஸ்டிஃபையை எடுங்கன்னு கேட்டாங்களே, அந்த மாதிரி.

பி.கு. 1: அண்ணன் கடைக்குப் போன தீபாவளிக்குப் போயிருந்தேன். சான்றிதழ் இன்னும் பிள்ளையாருக்குப் பக்கத்துலதான் இருக்கு. லேமினேஷன் மஞ்சளாகி, பேரு மட்டும் லேசாத் தெரியுது.

பி.கு. 2: "நீ எழுதுன ஃபாரமாமே"ன்னு கேட்டாரு. ஆமாண்ணேன்னேன். "டீ சொல்லவா"ன்னாரு. அதுக்கு மேல அதைப் பத்திப் பேசலை.